பெற்றவர்கள் மேலுள்ள கசப்பை எழுதித் தள்ளுவது எப்படி?

பெற்ற தகப்பனையோ தாயையோ மன்னிக்க முடியாமல் தவிக்கும் கிறிஸ்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கர்த்தருடைய ஜெபத்தை அச்சில் வாசித்துவரும் இந்தக் காவிரிப் படுகையில், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்து, நாலு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகத்தைப் பாராமலே வீடு திரும்பும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்காக அம்மா கறவை மாட்டை விற்று, 3,200 ரூபாயைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். பணம் கட்டவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டாட்டத்தில் தொலைத்தார். விடியற்காலை இருட்டில் அம்மா பானைக்குள் கையை விட்டு அரிசியைத் துழாவிக்கொண்டே இருந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. நான் ஆசிரியர் ஆகவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்கெழுதும் வேலைக்குப் போனேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

மன்னிப்பைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்தக் கணக்குப் பேரேட்டிலிருந்துதான். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கடன். எங்கள் சங்கத்திலும் இரவு பகலாகப் பட்டியல் தயாரித்தோம். யார் வாங்கியது, எந்த நிலத்துக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒவ்வொரு வரியும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் தள்ளுபடி நடந்தது. பேரேட்டில் ஏறாத கடனை எந்த அரசாலும் தள்ளுபடி செய்ய முடியாது. அதே மாதம் 17-ஆம் தேதி சாம்பல் புதன். அன்றிரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது, அப்பா எனக்குப் பட்ட கடனை ஒரு நாளும் நான் எழுதிப் பார்த்ததே இல்லை என்பது புரிந்தது.

ஆகவே முதல் வேலை, எழுதுவது. “அப்பாதானே, விட்டுவிடு” என்று சபையிலும் உறவிலும் சொல்வார்கள். “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு” என்ற கட்டளையை நினைவூட்டுவார்கள். கட்டளை மெய்யானது. ஆனால் பட்ட காயத்தை இல்லையென்று சொல்லிக் கனம்பண்ண யாராலும் முடியாது. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில், ஊழியக்காரனுக்கு அவனுடைய உடன்வேலையாள் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. நூறு நாள் கூலி என்றால், நம் ஊரில் ஒரு குறுவைப் பயிர் விதைத்து அறுக்கும் காலம் முழுதும் ஒருவன் உழைத்துச் சேர்க்கும் பணம். அதைச் சில்லறை என்று இயேசு சொல்லவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள், வலப்பக்கத்தில் அதனால் நீங்கள் இழந்ததை எழுதுங்கள். “எப்போதும் அடிப்பார்” என்று பொதுவாக எழுதாமல், எந்த நாளில், எதற்காக, எதைக்கொண்டு அடித்தார், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதுங்கள். ஓரிரவில் முடியாது, எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. எழுதுகையில் நெஞ்சு அடைத்தால் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று கடவுளிடமே முறையிட அது இடங்கொடுக்கிறது. எழுதி முடித்தபின் ஒருமுறை நேர்மையாகச் சரிபாருங்கள். என்னுடைய இருபத்துமூன்று வரிகளில் நான்கு வரிகள் உண்மையில் தண்ணீர் வராமல் பயிர் கருகிய ஆண்டுகளின் கணக்கு. அவற்றை அப்பாவின் பேரில் ஏற்றியது என் தவறு. அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். “அன்பு தீங்கு நினையாது” என்று வேதம் சொல்லும்போது இப்படிப் பட்டியல் போடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சேமித்து வைக்கப் போடும் பட்டியலுக்கும் தள்ளுபடிக்காகப் போடும் பட்டியலுக்கும் வித்தியாசம் உண்டு. இதை யாரிடமும் காட்டாதீர்கள், வாழ்க்கைத்துணையிடம்கூட.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பது வயலில் கோரை பறித்தவர்களுக்குத் தெரியும். மேலே தெரியும் புல்லை அறுத்தால் வரப்பு சுத்தமாகத் தோன்றும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு சில நாட்களில் மறுபடி முளைவிடும். எபிரெயர் 12:15 கசப்பை ஒரு வேர் என்றும், அது முளைத்தெழும்பினால் அநேகர் தீட்டுப்படுவார்கள் என்றும் சொல்கிறது. என் மகன் எட்டு வயதில் தாத்தா நீட்டிய கடலைமிட்டாயை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தான். நான் அவனிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாகச் சொன்னதில்லை. சொல்லாமலே அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்து, உங்கள் சொந்தக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். அதே உவமையில் அந்த ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்டிருந்தது பதினாயிரம் தாலந்து, எத்தனை ஆயுள் உழைத்தாலும் அடைக்கவே முடியாத தொகை. அதை ராஜா முழுவதும் மன்னித்துவிட்டார். இதை உங்கள் காயத்தைச் சிறிதாக்கிக் காட்டச் சொல்லவில்லை. தள்ளுபடி செய்ய நமக்குக் கையிருப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன். கொலோசெயர் 2:14 நமக்கு எதிரிடையாக இருந்த “கையெழுத்தை” கிறிஸ்து சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைக் குறிக்கும். நம் ஊர்ப் பேச்சில் புரோநோட்டு. பயிர்க்கடன் தள்ளுபடியானபோது அந்தத் தொகை காற்றில் மறைந்துவிடவில்லை, சங்கங்களுக்கு ஈடுகட்டும் பொறுப்பை அரசு ஏற்றது. யாராவது ஏற்காமல் எந்தக் கடனும் தீர்வதில்லை. அப்பாவின் கடனை நான் என் கைப்பணத்திலிருந்து தீர்க்கப் பார்த்தவரை என்னால் முடியவில்லை. சிலுவையில் கிறிஸ்து ஏற்றதில் இதுவும் அடங்கும் என்று விசுவாசித்த பிறகுதான் முடிந்தது.

பிறகு ஜெபம். மனதுக்குள் வேண்டாம், வாய்திறந்து, ஒவ்வொரு வரியாக: “ஆண்டவரே, இந்த 3,200 ரூபாயையும், என்னால் நிற்க முடியாமற்போன வகுப்பறையையும் அப்பாவிடம் இனி நான் கேட்கமாட்டேன். இந்தப் பத்திரத்தை உம்மிடம் ஒப்படைக்கிறேன்.” சொல்லிவிட்டு அந்த வரியின்மேல் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சீர்திருத்த சபையார் “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று ஜெபிக்கிறோம். கத்தோலிக்க உறவினர்கள் “பொறுத்தருளும்” என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். விடுவதும் அதுவரை பொறுப்பதும் ஒரே ஜெபத்தில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பழைய கடனைத் தள்ளுபடி செய்தவர் புதுக் கடன் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. அப்பாவை மன்னித்தேன், ஆனால் பணத்தை அவர் கையில் கொடுக்கவில்லை, மருந்தாகவும் அரிசியாகவும் கொடுத்தேன். சகோதரர்களை அன்போடு ஏற்ற யோசேப்பும், தன்னை வெளிப்படுத்துமுன் அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்தே பார்த்தான். அடி இன்னும் தொடருகிறது என்றாலோ, பாலியல் கொடுமை நடந்திருந்தாலோ, விலகியிருப்பதும் காவல்துறைக்குப் போவதும் மன்னிப்புக்கு விரோதமல்ல. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உள்ளன. “கூடுமானால் உங்களாலானமட்டும்” சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது.

நேரில் போகக்கூடிய நிலை இருந்தால், “உங்களை மன்னித்துவிட்டேன்” என்று தொடங்காதீர்கள். நம் வீடுகளில் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். கையால் செய்யும் ஒரு சிறு வேலையோடு தொடங்குங்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் நான் நகவெட்டியோடு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். சேற்றுப்புண் ஆறிய தழும்புகளுக்கிடையில் நகங்கள் தடித்துப் பழுத்திருந்தன, வெந்நீரில் ஊறவைத்துத்தான் வெட்ட முடிந்தது. மூன்றாவது விரலை வெட்டும்போது அவர், “தம்பி, மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களா?” என்று கேட்டார். “பன்னெண்டாந்தேதியே தொறந்தாச்சுப்பா” என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் நாங்கள் சண்டையில்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான். பணத்தைப் பற்றி அவர் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெற்றவர் இறந்துபோயிருந்தால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, கூட்டம் கலைந்தபின் கல்லறையருகே உட்கார்ந்து மேலே சொன்ன ஜெபத்தைச் செய்யலாம். நோட்டை அங்கே புதைக்கவேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.

ஏனென்றால் அது மறுபடி தேவைப்படும். மன்னித்த பிறகும் நினைவு வரும். யாராவது ஆசிரியர் பணி ஓய்வு விழாவுக்கு அழைத்தால் எனக்கு வரும். அப்போது, முதலில் மன்னித்தது பொய்யோ என்று கலங்காதீர்கள். “ஏழுதரமாத்திரம் அல்ல, ஏழெழுபதுதரமட்டும்” என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்டது ஒரே குற்றத்தின் நினைவுக்கும் பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நோட்டைத் திறந்து, அதே வரிக்கு எதிரே அன்றைய தேதியை எழுதி, அதே ஜெபத்தைச் சொல்லுங்கள். என் நோட்டில் 3,200 ரூபாய் வரிக்கு எதிரே இதுவரை பதினான்கு தேதிகள் இருக்கின்றன. கடைசித் தேதி சென்ற தை மாதத்தினுடையது.