குழி வெட்டினேன், வாளி கிடைத்தது: வீட்டுப் பூந்தோட்டம் முதல் தடவை போடுகிறவர்களுக்கு

முதல் வருடம் வீட்டு முன்னால் ஐந்து ரோஜாச் செடி நட்டேன். இரண்டு மாதத்தில் நான்கு போய்விட்டன. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன், மிச்சமிருந்த ஒன்றும் போனது. அடுத்த தடவை உரத்தைக் கூட்டிப் பார்த்தேன், அதே கதை. மூன்றாவது முறைதான் செத்த செடியைப் பிடுங்கி எறியாமல், சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டி மண்ணோடு தூக்கிப் பார்த்தேன். காரணம் அங்கே இருந்தது. அதனால் இந்தச் செய்முறையில் நடுகிற பகுதி மட்டும் நீளமாக இருக்கும், மற்றதெல்லாம் சட்டென்று முடிந்துவிடும்.

முதலில் வெயில், அப்புறம் செடி

நர்சரியில் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டு, எங்கே வைப்பது என்று கையில் பையோடு வீட்டைச் சுற்றுவதை நானும் செய்திருக்கிறேன். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு லீவு நாளில் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மணிக்கு ஒரு தடவை இடத்தைப் போனில் படம் எடுங்கள். ராத்திரி வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் எந்த மூலையில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்று தெரிந்துவிடும். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் ரோஜா, செண்டுமல்லி, ஜினியா, காஸ்மோஸ், செம்பருத்தி, காகிதப்பூ எதையும் வைக்கலாம். 3, 4 மணி நேரம்தான் என்றால் காசித்தும்பை, பிகோனியா மாதிரி அரைநிழல் தாங்குகிறவை. அதற்கும் கீழே என்றால் பூவுக்கு ஆசைப்படாமல் அழகான இலைச்செடி வைத்துவிடுங்கள். சுவர் நிழல் பருவத்துக்குப் பருவம் நகரும், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை படம் எடுத்துப் பாருங்கள்.

இரவு வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும், இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. செவ்வந்தி, இரவு நீளமாக இருக்கும் காலத்தில்தான் மொட்டு வைக்கும். பூக்கும் நேரத்தைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்று 1920லேயே கார்னர், அல்லார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டிவிட்டார்கள். என் செவ்வந்தித் தொட்டி வாசல் விளக்குக்கு நேர் கீழே இருந்தது. விளக்கு ராத்திரி முழுக்க எரியும். செடி இடுப்புயரம் வளர்ந்து நின்றது, ஒரு மொட்டு இல்லை. இருட்டான பக்கம் நகர்த்தி வைத்த பிறகு சில வாரத்தில் மொட்டு வந்தது.

குழந்தைகளோ நாய், பூனையோ இருக்கிற வீடு என்றால் அரளி வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

மண்ணை ஒரு வாளித் தண்ணீரால் சோதியுங்கள்

நடப்போகிற இடத்தில் 30 செ.மீ ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலைச் செருகி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 2.5 முதல் 5 செ.மீ வரை இறங்கியிருந்தால் நல்ல மண், கவலையில்லாமல் நடலாம். அதைவிட வேகமாக இறங்கினால் மணல் வாகு, மட்கிய உரம் நிறையச் சேர்க்க வேண்டும், தண்ணீரும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கும். குறைவாக இறங்கினால் நீங்கள் என் கட்சி. என் குழியில் ஒரு மணி நேரத்தில் 1 செ.மீகூட இறங்கவில்லை, மறுநாள் காலையில் அதில் கொசு உட்கார்ந்திருந்தது.

நடுவது: நான் விழுந்த இடம்

தூக்கிய ரோஜாவின் அடியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஈரக் களிமண்ணில் மண்வெட்டியை இறக்கினால் அது மண்ணை இழைத்து மெழுகிவிடும், அதனால் குழியின் சுவர் சட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. உள்ளே நான் ஆசையாகப் போட்ட தொழு உரமும் மண்புழு உரமும் கருப்பாக, கொழகொழவென்று, சாக்கடை வாடையோடு கிடந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் நின்றது. ஒரே ஒரு வேர்கூடக் குழியைத் தாண்டி வெளியே போகவில்லை.

களிமண்ணில் குழி வெட்டி, அதற்குள் மட்டும் பொலபொலவென்று நல்ல மண்ணை நிரப்பினால் அது குழி இல்லை, வாளி. ஊற்றுகிற தண்ணீரும் பெய்கிற மழையும் உள்ளே எளிதாக இறங்கும், வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். வேருக்குக் காற்றும் வேண்டும். அது கிடைக்காத வேர் அழுகும், அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை வாடும். வம்பே இங்கேதான். தண்ணீர் கூடிப்போன செடியும் தண்ணீர் கிடைக்காத செடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் தலை தொங்கும். வாடியதைப் பார்த்து நான் ஊற்ற, ஊற்றியதால் அது இன்னும் வாட, இப்படியே ஐந்தையும் மூழ்கடித்திருக்கிறேன்.

இப்போது ஒற்றைக் குழி வெட்டுவதையே விட்டுவிட்டேன். செடி நிற்கப்போகிற பாத்தி முழுவதையும் 25, 30 செ.மீ ஆழத்துக்குக் கொத்திக் கிளறுகிறேன். ஈரமாக இருக்கிற நாளில் தொடக் கூடாது. ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும், களி மாதிரி ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். கிளறிய பிறகு 5 முதல் 7 செ.மீ கனத்துக்கு மட்கிய உரத்தைப் பாத்தி முழுக்கப் பரப்பிக் கலந்துவிட வேண்டும், குழிக்குள் மட்டும் இல்லை. மணல் கலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும், நான் ஒரு ஓரத்தில் செய்து பார்த்துக் கடப்பாரை தேடினேன். தண்ணீர் மெதுவாக இறங்கும் இடம் என்றால் பாத்தியைத் தரையைவிட 15, 20 செ.மீ உயர்த்திவிடுங்கள், மேட்டுப்பாத்தியைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

அப்புறம் குழி. அகலம் வேர்க்கட்டியைப் (பையிலிருந்து வேரோடு வருகிற மண் உருண்டை) போல இரண்டு மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டும். ஆழமாக வெட்டி அடியில் மண் போட்டு உயர்த்தினால் பிறகு அது அமுங்கி, செடி கீழே இறங்கி, தண்டு புதையும். சுவர் வழவழப்பாக இருந்தால் கைமுள்ளால் (கையில் பிடிக்கிற சின்ன முள்கருவி) கீறிவிடுங்கள். பையைப் பிரித்ததும் வேர் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் விரலால் பிரித்துவிட வேண்டும், பிரியாத அளவு இறுகியிருந்தால் கத்தியால் பக்கவாட்டில் நாலு இடத்தில் கீறுங்கள். மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்கு வந்த பிறகும் அது பைக்குள் இருப்பதாகவே நினைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டம்தான் இங்கேயும். ஒட்டுக்கட்டிய ரோஜா (வேறொரு ரோஜாவின் அடிச்செடியில் இணைத்து வளர்த்தது) என்றால் இணைத்த இடத்து முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, கையால் லேசாக அழுத்தி (காலால் மிதிக்காமல்), பூவாளியால் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நடுவது நல்லது.

தொட்டியில் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது பொய். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குச் சுலபமாக இறங்காது, மண் முழுவதும் ஊறிய பிறகுதான் சொட்டும். அதனால் ஜல்லி போட்ட அளவுக்கு ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். துளை பெரிதாக இருந்தால் மண் கொட்டாமல் ஒரு வலைத்துண்டு போதும்.

விதை

விதையின் கனத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம், அவ்வளவுதான். டேபிள் ரோஸ் விதை தூசி மாதிரி இருக்கும், அதை மூடவே கூடாது, ஈர மண்ணில் தூவி லேசாக அழுத்தினால் போதும். ஜினியாவை நாற்றுப் போட்டுப் பிடுங்கி நடாமல் நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள், வேரைத் தொந்தரவு செய்வது அதற்குப் பிடிக்காது.

தண்ணீர், நுனி, கத்தரி

தினமும் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடுங்கள். ஊற்றும்போது இலைமேல் தெளிக்காமல் தூரில் ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். இலை நெடுநேரம் நனைந்தே இருந்தால் ரோஜாவில் கரும்புள்ளி நோய் வரும். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ 5 செ.மீ கனத்துக்கு மூடாக்குப் போட்டால் ஈரமும் நிற்கும், களையும் குறையும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் மட்டும் விட்டுவிடுங்கள்.

செண்டுமல்லி, ஜினியா, காஸ்மோஸ் 15, 20 செ.மீ உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். நுனி இருக்கும்வரை அது பக்கக் கிளைகளை எழவிடாது, கிள்ளினால் கீழேயிருந்து நாலைந்து கிளை கிளம்பும். ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தியில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், இருக்கிற ஒரே பூவும் போய்விடும். வாடிய பூக்களை விதை கட்டும் முன் வெட்டிக்கொண்டே இருங்கள், பூ தொடர்ந்து வரும்.

கருவிகளில் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: கவாத்துக் கத்தரி. இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகிற வகைதான் வேண்டும். ஒரு அலகு தட்டைப் பட்டையில் போய் உட்காருகிற வகை பச்சைத் தண்டை நசுக்கும், அது காய்ந்த குச்சி வெட்டத்தான் சரி. பத்து உருப்படி சேர்ந்த தோட்டக் கருவிப் பெட்டி ஒன்று வாங்கினேன், கைமுள்ளைத் தவிர மற்ற ஒன்பதும் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மூன்று விஷயம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ இல்லை. வெயில் சரியாக இருந்தால் பெரும்பாலும் தழைச்சத்து அதிகம், உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். காகிதப்பூ என்றால் தண்ணீரையும் குறையுங்கள். அது கொஞ்சம் காயப்போட்டால்தான் நிறம் காட்டும். (நாம் பூ என்று சொல்கிற அந்த வண்ண இதழ்கள் உண்மையில் அதன் பூவடிச் செதில்கள், அதாவது பூவை ஒட்டி வருகிற நிறமேறிய இலைகள், நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.)

தண்டில் எறும்பு வரிசை. எறும்பை விரட்டுவதற்கு முன்னால் நுனித் தளிரைத் திருப்பிப் பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கிற தேன்நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்ப எண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் போன பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். பொறிவண்டு கண்ணில் பட்டால் அன்றைக்குத் தெளிக்காமல் விடுங்கள், அது உங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, “வாங்கும்போது பெரிய சிவப்பு ரோஜா, இப்போது சின்னச் சின்னதாக வேறு பூ பூக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா?” ஏமாற்றவில்லை. ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து, அதாவது அடிச்செடியிலிருந்து, ஒரு கிளை கிளம்பி மேலே இருக்கிறதை அமுக்கிவிட்டது. அதன் இலையும் முள்ளும் மற்ற கிளைகளிலிருந்து வித்தியாசமாக இருக்கும். தரை மட்டத்தில் வெட்டினால் திரும்ப முளைக்கும், அதனால் மண்ணை விலக்கி, அது கிளம்புகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே கிழித்து எடுத்துவிடுங்கள்.