தேயிலைப் பெட்டி அட்டையில் ஒரு மீன்: தாளில் இடைவெளியே விடாமல் நிரப்புவது எப்படி?

ஆரையம்பதியில் அக்கா வீட்டு முற்றத்துக்குப் போன வருடம் இன்டர்லொக் கல் பதித்தார்கள். அதன் மேல் குந்தியிருந்து, கல்லின் நெளிவை விரலால் தடவிக்கொண்டிருந்த மருமகன் கேட்டான்: "மாமா, எல்லாம் ஒரே கல்லுதானே, எப்பிடி இடைவெளியே இல்லாமப் போகுது? இப்பிடி மீன் ஒண்டு செய்ய ஏலாதா?" மட்டக்களப்புப் பிள்ளை மீனைத்தானே கேட்பான். ஏலும் என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கு மூன்று பின்னேரம் போனது. உங்களுக்கு அரை மணித்தியாலம் போதும்.

ஒரே உருவத்தை இடைவெளி விடாமல் அடுக்கி நிரப்பும் இந்த வேலையைப் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் தெசலாக்கம் என்பார்கள். வரைவிலக்கணம் அங்கே இருக்கிறது, நான் திருப்பி எழுதவில்லை.

தேவையானவை: தேயிலைப் பெட்டி அட்டை, அடிமட்டம், கத்தரிக்கோல், செலோரேப், ஒரு ஏ4 தாள். பிரிஸ்டல் போர்ட் வாங்காதீர்கள். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சுற்றி வரைவதற்காக நாம் வெட்டும் அச்சைத் தவறுதலாகப் புரட்டி வைத்தாலும் தெரியாது, மீன் மறுபக்கம் பார்த்து நிற்கும். பெட்டி அட்டையில் ஒரு பக்கம் எழுத்து இருக்கும். எழுத்து எப்போதும் மேலே. அவ்வளவுதான்.

1. அட்டையில் 5 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டுங்கள். மூலைமட்டம் வைத்து வெட்டுங்கள், கண்மட்டம் சரிவராது. நான்கு மூலைகளிலும் பேனையால் புள்ளி வையுங்கள். இது பிறகு கைகொடுக்கும்.

2. இடது கரையில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, உள்ளே 2 சென்ரிமீற்றர் போகும்படி ஒரு முக்கோணத்தை வெட்டியெடுங்கள். அதை அப்படியே வலது பக்கம் நகர்த்தி, அதன் நேர்க்கரையைச் சதுரத்தின் நேர்க்கரையோடு சேர்த்து ஒட்டுங்கள். இடது பக்கம் பிளந்த வால், வலது பக்கம் கூரான மூக்கு. மீன் பாதி வந்துவிட்டது.

3. இங்கேதான் நான் வழுக்கினேன். கீழ்க்கரையில் இடது மூலையிலிருந்து 2 சென்ரிமீற்றரில் தொடங்கி 4 சென்ரிமீற்றரில் முடியும்படி, 1 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வளைவாக ஒரு துண்டு வெட்டுங்கள். அதுதான் முதுகுச் செட்டை. அதை மேலே நகர்த்தி ஒட்ட வேண்டும். மேல்கரையிலும் அது இடது மூலையிலிருந்து அதே 2 சென்ரிமீற்றரில்தான் தொடங்க வேண்டும்.

எனக்கு அது கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்பதாகப் பட்டது. செட்டை நடு முதுகில் இருந்தால் வடிவாக இருக்குமே என்று அரை சென்ரிமீற்றர் பின்னால் தள்ளி ஒட்டினேன். முதல் வரிசை அச்சொட்டாக வந்தது. நான்கு மீனும் ஒன்றின் வாலில் அடுத்ததன் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றன. இரண்டாவது வரிசை வைத்ததும் செட்டையின் ஒரு பக்கம் மேல் மீனின் வயிற்றில் ஏறியது, மறுபக்கம் வெள்ளைத் தாள் தெரிந்தது. பென்சில் மொத்தம் என்று நினைத்துக் கூர் சீவினேன். கத்தரிக்கோலைக் குற்றம் சொல்லிப் புது அச்சு வெட்டி, அதிலும் அதே இடத்தில் ஒட்டினேன்! மூன்றாவது அச்சில் மருமகன்தான் அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, "கீழ ரெண்டு, மேல ஒண்டரை" என்றான்.

வெட்டிய துண்டு கரைக்குக் கரை நேராக நகர வேண்டும். திரும்பவும் கூடாது, புரளவும் கூடாது. கீழே ஏற்பட்ட பள்ளத்துக்குள்தான் கீழ் வரிசை மீனின் செட்டை வந்து உட்காருகிறது. அளவு பிசகினால் அது எங்கே உட்காரும்? வெட்டியதையெல்லாம் அதே அட்டையிலேயே ஒட்டுவதால் மீனின் பரப்பளவு கடைசி வரை 25 சதுர சென்ரிமீற்றர்தான்.

4. தாளில் 5 சென்ரிமீற்றர் கட்டங்களை மெல்லிசாகக் கீறுங்கள், குறுக்கே நான்கு, நெடுக்கே ஐந்து. அச்சிலுள்ள நான்கு புள்ளிகளையும் கட்டத்தின் மூலைகளில் பொருத்தி ஒவ்வொரு மீனாக வரையுங்கள். கட்டம் இல்லாமல் ஒன்றை ஒட்டி ஒன்றாக வரைந்தால் ஒவ்வொரு கோட்டின் தடிப்பும் சேர்ந்து சேர்ந்து, ஐந்தாவது மீன் சரிந்து நிற்கும். வலது ஓரத்து மீன்களின் மூக்கு தாளுக்கு வெளியே போகும், போகட்டும். அந்த மூக்கை இடது ஓரத்து வால்பிளவுக்குள் வரைந்துவிடுங்கள்.

நிறத்துக்கு இரண்டே இரண்டு போதும். செஸ் பலகை மாதிரி மாற்றி மாற்றி.

அப்புறம் அவன் அடுத்த கேள்வியைப் போட்டான்: ஐந்து மூலைக் கல் ஏன் இல்லை? ஒழுங்கான ஐங்கோணியின் உட்கோணம் 108 பாகை. ஒரு புள்ளியில் மூன்றை வைத்தால் 324, மிச்சம் 36 பாகை இடைவெளி. நான்காவது அதற்குள் நுழையாது. 60, 90, 120 என்பவை 360ஐ மீதியில்லாமல் வகுப்பதால்தான் ஒழுங்கான உருவங்களில் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுக்கும் மட்டும் அந்த யோகம். ஒழுங்கற்ற ஐங்கோணி என்றால் கதை வேறு. சதுரத்துக்கு மேல் கூரை வைத்த வீட்டு வடிவத்தை ஒரு வரிசை நேராக, ஒரு வரிசை தலைகீழாக அடுக்கிப் பாருங்கள். குவிந்த ஐங்கோணிகளில், அதாவது எந்த மூலையும் உள்ளே மடியாதவற்றில், இப்படி நிரப்பும் வகைகள் 15. அவற்றில் நான்கை 1970களில் கண்டுபிடித்தவர் மார்ஜரி ரைஸ் என்ற அமெரிக்க இல்லத்தரசி. உயர்நிலைப் பள்ளிக் கணிதத்துக்கு மேல் படிக்காதவர். இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் அக்காவும் வந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தா.

மீன், பறவை என்று இப்படி நிரப்பிப் புகழ்பெற்ற ஓவியர் எஷர், 1922இலும் 1936இலும் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போய் அதன் சுவர் ஓட்டு வேலைப்பாடுகளைப் பார்த்தவர். அங்கே உயிருருவம் இல்லாத கோலங்கள். அவற்றின் கணக்கை எடுத்து மீனுக்குள் வைத்தவர் அவர்.

பின்சேர்க்கை: கணினியில் செய்ய முடியாதா என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். அதில் ஓர் உருவத்தைப் பிரதியெடுத்து அடுக்கும் வசதியில் 17 வகைச் சமச்சீர் இருக்கும், அதாவது நகர்த்தியும் திருப்பியும் புரட்டியும் அடுக்கும் முறைகள். தளத்தில் திரும்பத் திரும்ப வரும் கோலங்களுக்கு மொத்தமே அந்த 17தான், 1891இல் ஃபெடரோவ் என்ற ரஷ்ய அறிஞர் நிறுவியது. நாம் செய்தது முதல் வகை, வெறும் நகர்த்தல். ஆனால் ஒரு முறையாவது அட்டையில் வெட்டிவிட்டுப் போங்கள். திரையில் எல்லாம் தானாகப் பொருந்துவதால் ஏன் பொருந்துகிறது என்று தெரியாமலே போய்விடும்.

நண்டு வராதா என்று கேட்டவருக்கு: எட்டுக் காலையும் கரையில் வெட்டப் போகாதீர்கள், செலோரேப் தாங்காது. கொடுக்கு இரண்டை மட்டும் வெட்டி நகர்த்துங்கள். கால்களை உள்ளே பேனையால் கீறிக்கொள்ளலாம்.