லொங்காங்கில் விழுந்த பாட்டுப் பெட்டி: உள்ளே இருப்பதை மீட்பது எப்படி

சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை சொல்லி வைத்த மாதிரி வரும். அப்படி ஒரு மழையில்தான் அடுத்த வீட்டுத் தம்பியின் எம்பி3 பிளேயர் மோட்டார் கூடையிலிருந்து துள்ளி லொங்காங்கில் விழுந்தது. மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், லொங்காங் என்றால் சாலையோரச் சாக்கடை. முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்திருக்கிறான். எடுத்ததும் அவன் செய்த முதல் வேலை, பட்டனை அழுத்தியது.

"அண்ணே, ஒரு தடவ வெளிச்சம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே வரல."

சினிமாப் பாட்டு மட்டும் என்றால் "விடுடா, திரும்ப இறக்கிக்கலாம்" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அவன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறவன். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடியோடு போகும் குழு. பழைய தோட்டத்துக் கோயிலின் பின்கட்டில் நடக்கும் பயிற்சியை எல்லாம் அந்தப் பிளேயரில் இருந்த ரெக்கார்டரில்தான் பதிந்து வைத்திருந்தான். அடி சொல்லிக்கொடுத்த பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. வேறு நகலும் கிடையாது.

ஆகவே பிளேயர் மறுபடி பாடுமா என்ற கவலையை முதலில் ஓரம் கட்டினேன். உள்ளே நகம் அளவு ஒரு மெமரி சிப் இருக்கிறது. அது ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரம் கணினியோடு பேசினால் எனக்குப் போதும். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கான ஏற்பாடு.

படி 1: பட்டனைத் தொடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்

தண்ணீர் தனியாக இருந்தால் பெரிய வில்லன் இல்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. சாக்கடை நீரில் உப்பும் அழுக்கும் கரைந்திருக்கும், மின்சாரம் அதன் வழியாக ஓடும். ஓடும்போது சர்க்கியூட் பலகையிலுள்ள செம்புக் கோடுகள் அரிக்கப்பட்டு, பச்சைப் பாசி மாதிரி ஒன்று படியும். பட்டனை அழுத்திப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இந்த அரிப்புக்குத் தீனி போடுகிறீர்கள். பிளேயர் ஓடிக்கொண்டே இருந்தால் அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அரிசிக்குள் புதைக்கச் சொல்லி எல்லா வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது. அதன் மாவுத்தூள் துளைகளுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். அரிசியைச் சோறாக்குங்கள்.

படி 2: மெமரி கார்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்

மைக்ரோ எஸ்டி கார்டு முழுக்கப் பிசினில் வார்த்தது. தண்ணீர் உள்ளே போக வழி இல்லாததால் பெரும்பாலும் தப்பித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, பொன்னிறத் தகடுகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் கார்டு ரீடரில் போடுங்கள். பல பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

தம்பியின் கார்டும் உடனே திறந்தது. துள்ளிக் குதித்தான். உள்ளே பார்த்தால் முழுக்கச் சினிமாப் பாட்டு. பயிற்சிப் பதிவுகள் பிளேயரின் சொந்த நினைவகத்தில் இருந்தன.

படி 3: உள்ளே இருப்பது சிப்பா, ஹார்ட் டிஸ்க்கா?

சின்ன, மெல்லிய பிளேயர்கள் எல்லாம் சிப் வகை. பழைய பெரிய ஐபாட் போன்றவற்றில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். 2001இல் வந்த முதல் ஐபாட்டில் இருந்தது 5 ஜிபி ஹார்ட் டிஸ்க். உங்களுடையது அந்த வகை என்றால், உள்ளே தண்ணீரும் போயிருந்தால், இதோடு நிறுத்துங்கள். டிஸ்க்கைத் திறக்க வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். காய்ந்தால் அழுக்கு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வீட்டு மேசையில் செய்யும் வேலை இல்லை அது.

படி 4: திறந்து, பேட்டரியைப் பிரியுங்கள்

கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை விளிம்பில் விட்டு மெதுவாகச் சுற்றி வந்தால் மூடி கழன்றுவிடும். ஸ்க்ரூ இருந்தால் கண்ணாடிக் கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி குட்டி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கழற்றுவதற்கு முன்னும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ, அழுத்தவோ, நெம்பவோ கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பாமல் இருந்தால், சிவப்பு கறுப்பு என இரண்டு வயர்கள் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கத்தரி உலோகம், இரண்டும் அதன் வழியாக இணைந்து பொறி பறக்கும். முதலில் கறுப்பு. அதன் நுனியில் டேப் சுற்றுங்கள். பிறகு சிவப்பு.

படி 5: கழுவி உலர்த்துங்கள்

விழுந்தது சாக்கடை என்றால் முதலில் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள், கார் பேட்டரிக்கு ஊற்றுவதே போதும். அப்புறம் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பழைய பல் தூரிகையைத் தோய்த்து, பச்சை படிந்த இடங்களில் லேசாகத் தேயுங்கள். திரையில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் வேண்டாம். ஆல்கஹால் இல்லையே என்று பெயின்ட் தின்னரை எடுத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

உலர்த்துவதில்தான் நம் ஊருக்கு ஒரு சிக்கல். காற்றிலேயே ஈரம் நிற்கும். மழை நாளில் துணியே காயாத வராந்தாவில் சர்க்கியூட் பலகை எங்கே காயும்? முதலில் இரண்டு மூன்று மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்தேன். பிறகு மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில், புதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு 2 நாள். காலணிப் பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்தவை வேண்டாம், அவை ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

அந்த 2 நாளில் தம்பி ஐந்து முறை வந்து டின்னைத் திறக்கலாமா என்று கேட்டான். டின்னை அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

படி 6: கணினியில் இணையுங்கள்

பழைய கணினி ஒன்று இருந்தால் அதில் செருகுங்கள், புதிய மடிக்கணினியைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம். செருகியதும் பலகையை விரலால் தொட்டுப் பாருங்கள். எங்காவது சுட்டால் உடனே பிடுங்கிவிட்டு, மறுபடி கழுவி உலர்த்துங்கள். சில பிளேயர்கள் பேட்டரி இல்லாமல் எழுந்திருக்காது. அதற்கு அதே மின்னழுத்தமுள்ள நல்ல பேட்டரியைப் பற்றவைக்க வேண்டிவரும்.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. அரை மணி நேரம் பலகையைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு, அவற்றில் தரவு போகும் வயரே இருக்காது. மூன்றாவது கேபிளில் 'டிங்' என்ற சத்தம் வந்தது. திரை இருட்டுதான். ஆனால் கணினிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

கோப்புகள் கண்ணில் பட்டால் அப்படியே நகலெடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. ஐபாட் என்றால் பாடல்கள் மறைவான கோப்புறைகளில், நாலெழுத்துப் பெயர்களில் இருக்கும். மறைந்தவற்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பாட்டின் உண்மைப் பெயர் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும்.

எங்களுக்கு வந்தது, இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்ற கேள்வி. வேண்டாம் என்பதை அழுத்துங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் என் பென் டிரைவைக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் முழு ஃபார்மட் அடித்து, "இப்ப நல்லா வேலை செய்யுது" என்று சிரித்துக்கொண்டே தந்தார்கள். விண்டோஸில் குயிக் ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கும். முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடும், அதற்குப் பிறகு மீட்க ஒன்றும் மிஞ்சாது.

படி 7: முழு நகல் எடுங்கள்

அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். நோய்ப்பட்ட சிப் எப்போது கண்ணை மூடும் என்று தெரியாது. அதில் நேரடியாகத் தேடிக்கொண்டிருந்தால் பாதியில் போய்விடலாம். முதலில் சிப்பில் உள்ள அத்தனையையும், காலி இடம் உட்பட, ஒரே கோப்பாகக் கணினிக்கு இழுத்துவிட வேண்டும். 8 ஜிபி பிளேயர் என்றால் 8 ஜிபி கோப்பு வரும்.

விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 'ரீட்', 'ரைட்' என்று இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது 'ரீட்'. 'ரைட்' அழுத்தினால் உங்கள் கோப்பு பிளேயரின் மேல் எழுதப்பட்டுப் பதிவுகள் போய்விடும். நான் மவுஸை விட்டுக் கையை எடுத்து, வாய்விட்டு ஒருமுறை படித்த பிறகுதான் அழுத்தினேன். படிக்கும்போது பிழை வந்து நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அது கெட்ட பகுதியைத் தாண்டிப் போய் நல்லதை முதலில் எடுத்துவிட்டு, கெட்டதற்குப் பிறகு திரும்பி வரும்.

நகல் முடிந்ததும் பிளேயரைப் பிடுங்கிவிடுங்கள்.

படி 8: நகலிலிருந்து பாட்டைத் தோண்டுங்கள்

இதற்கான மென்பொருளுக்கு ஃபோட்டோரெக் என்று பெயர், படத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டவணை அழிந்திருந்தாலும், ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடும். இலவசம். மவுஸால் இயக்கும் ஜன்னல் வடிவில் க்யூஃபோட்டோரெக் உண்டு. அதில் நகல் கோப்பைச் சேர்த்து, கோப்பு வகைகளில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, எம்பி3 மற்றும் 'ரிஃப்' இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். தம்பியின் ரெக்கார்டர் பதிந்தது வேவ் என்ற ஒலிக்கோப்பு வகை, அது 'ரிஃப்' என்ற பெயருக்குள்தான் வரும். தேடும் இடத்தை 'ஹோல்', அதாவது முழுவதும், என்று வையுங்கள்.

எங்களுக்கு 37 வேவ் கோப்புகள் வந்தன. பெயர் எல்லாம் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். எம்பி3 பாடல்களுக்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் உள்ளிருக்கும் குறிப்பைப் படித்துப் பெயர் வைத்துவிடும். வேவ் பதிவுகளில் பெரும்பாலும் அந்தக் குறிப்பே இருக்காது. உட்கார்ந்து கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். இரண்டு கோப்புகளில் நடுவே இரைச்சல் வந்தது. சிப்பில் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டவை அப்படித்தான் வரும்.

ஒரு கோப்பு பாடவே மறுத்தது, அது என்ன வகை ஒலி என்று சொல்லும் தலைப்பகுதி கெட்டுப்போயிருந்தது. இதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில், தலைப்பகுதியைப் பார்க்காமல் ரா டேட்டாவாக இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. 16 பிட், மோனோ என்று கொடுத்து, தொடக்கத்தில் 44 பைட் தள்ளச் சொல்லுங்கள், வழக்கமான வேவ் தலைப்பகுதியின் அளவு அது. வெறும் 'உஸ்ஸ்' என்று இரைந்தால் 45 கொடுத்துப் பாருங்கள், சில நேரம் ஒரு பைட் தவறினாலே இரைச்சலாகிவிடும். நான் முதலில் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பதை, 44100 என்று கொடுத்தேன். உறுமியின் இடது முகத்தை வளைந்த குச்சியால் இழைக்கும்போது வருமே அந்த அடிவயிற்று முனகல், அது நாய்க்குட்டி கத்துவது போல் கேட்டது. 16000 என்று மாற்றியதும் சரியாக இறங்கி உட்கார்ந்தது.

மூன்றாவது நிமிடத்தில் மேளம் நிற்கிறது. "தாளத்த விட்டுட்டு எங்கடா ஓடுற?" என்று பெரியவரின் குரல். யாரைத் திட்டினார் என்று நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

பலகை கணினியோடு பேசவே இல்லை என்றால்? சிப்பைப் பெயர்த்தெடுத்துப் படிக்கும் வசதி ஆய்வகங்களில் உண்டு. செலவு கூடும், முன்கூட்டியே விலை கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே சூடு காட்டிப் பெயர்க்க முயல வேண்டாம்.

பதிவுகளை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைத் தம்பியின் அம்மாவிடம் கொடுத்தேன். "அண்ணே, இந்தப் பெட்டிய என்ன செய்யுறது?" என்று கேட்டான். பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கச் சொன்னேன். பலகையை அவனே எடுத்துக்கொண்டான், இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்க வேண்டுமாம்.