ரிப்பேர் ஸ்டாண்டு வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் இப்போது ஆளாளுக்கு வீட்டில் ரிப்பேர் ஸ்டாண்டு, அதாவது சைக்கிளைத் தூக்கிப் பிடித்து நின்றபடி வேலை பார்க்க உதவும் தாங்கி, வாங்குகிறார்கள். நல்லதுதான். குத்துக்காலிட்டு கியர் சரிசெய்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும் வேதனை மிச்சம். ஆனால் வாங்குகிற விதத்தைப் பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துகள் வரிசை மாறாமல் நடக்கின்றன. ரொம்ப மலிவானதை வாங்காதே, விமர்சனம் படி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கே பிடிக்கும் என்று பார்க்காமல் வாங்குவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" பெட்டியில் 30 கிலோ என்று போட்டிருக்கும். நம் ரோடு பைக் 9 கிலோ. அப்புறம் என்ன கவலை என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கிளாம்ப், அதாவது ஸ்டாண்டின் பிடி, எந்தக் குழாயைப் பிடிக்கப்போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரித் தம்பி. அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய கார்பன் சைக்கிள். ஸ்டாண்டு விற்றவர் "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவன் சைக்கிளில் சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்டோ, காற்றைக் கிழித்துப் போவதற்கான தட்டையான ஏரோ வடிவம். வட்டமான கிளாம்பில் நிற்காமல் வழுக்கியது. உடனே பாரில், அதாவது மேல் குழாயில் மாட்டிவிட்டான். "ஆடுதுண்ணா" என்று திருகை இன்னும் கொஞ்சம் முறுக்கினான். சடக்கென்று ஒரு சத்தம். பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு. நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடங்களில் டக் டக்கென்று கேட்டது, அங்கே மட்டும் செத்த சத்தம். வாரண்டியில் இது வராது என்று கையை விரித்துவிட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஓட்டும்போது வரும் பாரத்தைத் தாங்கத்தான் ஃப்ரேம் குழாயைச் செய்கிறார்கள், இரண்டு பக்கமும் நசுக்குவதற்கு அல்ல. அலுமினியமும் தப்பாது. நல்ல அலுமினியக் குழாயில் முனைகள் தடிமனாகவும் நடுப்பகுதி 1 மி.மீ. சுமாருக்கு மெல்லிதாகவும் இருக்கும். நாம் கிளாம்ப் மாட்டுவது சரியாக அந்த நடுவில். போதாக்குறைக்கு, இறுகிப்போன பெடலை ஸ்பேனர் போட்டு அழுத்தும்போது மொத்த விசையும் அந்த ஓர் இடத்தைத்தான் திருகும். பழைய இரும்புச் சைக்கிளைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு வேலை பார்த்த கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அதனால் முதலில் உங்கள் சீட் போஸ்டைப் பாருங்கள். வட்டமான அலுமினியம் என்றால் கிளாம்ப் ஸ்டாண்டு தாராளமாக வாங்கலாம், பிடிக்க வேண்டிய இடம் அதுதான். சீட்டைத் தாழ்த்தி ஓட்டுகிறவர்கள் இப்போதைய உயரத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு போஸ்டை உயர்த்திக்கொள்ளலாம். அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது. கார்பன் போஸ்ட் என்றால், அதே விட்டத்தில் ஒரு பழைய அலுமினியப் போஸ்ட் தேடிப் பிடித்து வேலை நேரத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 27.2 மி.மீ. பரவலான அளவு, ஆனாலும் உங்களுடையதில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்டில், ஏறி இறங்கும் வழுவழுப்பான பகுதியைக் கிளாம்ப் தொடவே கூடாது. கீறல் விழுந்தால் சீல் போச்சு.

ஏரோ போஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு, முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கையும் (முன்சக்கரம் மாட்டும் கவை) பி.பி.யின் (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் இடம்) அடிப்பாகத்தையும் தாங்கும் ஸ்டாண்டுதான் சரி. ஃப்ரேமில் எங்கும் நசுக்காது. உங்கள் ஃபோர்க் அச்சைச் செருகித் திருகும் 12 மி.மீ. த்ரூ ஆக்சிலா, நெம்புகோலை மடக்கி இறுக்கும் பழைய குவிக் ரிலீஸா என்று தெரிந்துகொண்டு போங்கள். அதற்கான அடாப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். தனியாக வாங்கச் சொல்லி அலையவிடுவார்கள்.

முக்காலியைத் திருப்பி வைப்பது

மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கால், தொங்கும் சைக்கிளுக்கு நேர் கீழே வரவேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே தொங்கவிட்டால் லேசாக இடித்தாலே சாயப் பார்க்கும். மொட்டைமாடித் தளத்தில் தண்ணீர் ஓடுவதற்கு வைத்த வாட்டம் வேறு இருக்கும்.

எல்லா வேலையையும் ஸ்டாண்டிலேயே செய்வது

ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகை பி.பி.யில் பேரிங் இருக்கும் கப்பை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். மடக்கு ஸ்டாண்டு அந்த விசையில் ஆட்டம் காணும். சைக்கிளைத் தரையில் இறக்கி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லிச் செய்யுங்கள்.

பின்சக்கர ஸ்டாண்டு போதுமே

பின்சக்கரத்தை மட்டும் தூக்கி நிறுத்தும் இது, செயின் துடைக்கப் போதும். சக்கரம் கழற்ற உதவாது.

ஸ்டாண்டே எதற்கு, கவிழ்த்தால் போச்சு

ஹைட்ராலிக் பிரேக்கா, அதாவது குழாயில் உள்ள திரவத்தின் அழுத்தத்தில் பிடிப்பதா? கவிழ்க்காதீர்கள். லீவரில் தேங்கியிருக்கும் காற்று பிரேக் குழாய்க்குள் போய்விடும்.

மின் சைக்கிள்

எத்தனை கிலோ என்ற கேள்வி இங்கேதான் பொருந்தும். 25 கிலோ வண்டியை இடுப்பளவு தூக்கி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் கிளாம்பைத் திருகிப் பாருங்கள், தெரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள்.

ரப்பர்

கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்து அப்படியே மாட்டினால், ஒட்டியிருக்கும் மணல் போஸ்டில் உப்புத்தாள் வேலை பார்த்துவிடும். ஈரத்துணியால் போஸ்டையும் கிளாம்பின் ரப்பரையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கிளாம்பின் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. கிடைக்காவிட்டால், தேய்ந்த பிறகு பழைய டியூபை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அதுவும் நன்றாகவே பிடிக்கிறது.