டர்பனில் ‘பாண்ட்’ என்றால் எது?

டர்பனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? இங்கே பக்கத்து வீட்டுக்காரர் “பாண்ட் இன்னும் கட்டி முடியலை” என்றால், நம் ஊரில் சொல்கிற ஹோம் லோன்தான் அது. வீட்டின் மேல் அந்த அடமானம் பீட்டர்மரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவாகும். முன்கூட்டியே அடைத்து முடிப்பதென்றால் 90 நாளுக்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் விழலாம், வீணாக ஏன் கட்டவேண்டும்?

அரசின் சேமிப்பு பாண்ட் இதற்கு நேர் எதிர். அங்கே கடன் கொடுப்பவர் நீங்கள், வட்டியும் உங்களுக்கே. 2, 3, 5 ஆண்டுக் கணக்கில் போடலாம். அதனால் கையெழுத்துக்கு முன், கடன் வாங்குபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், பிள்ளையின் வேதியியல் பாடத்தில் வந்தால் அது அணுக்களின் பிணைப்பு. கொத்தனார் சொன்னால் செங்கல் அடுக்கும் முறை.