சேர்வராயன் மலையில் இனிப்பு ஒயின்: திராட்சையை உலர்த்திப் பிழியும் முறை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், உரிமம் கையில் இருந்தாலொழிய ஒயின் தயாரிக்கும் வேலையைத் தொடங்கக் கூடாது.

இனிப்பு ஒயினுக்குக் கனடாவில் கொடியிலேயே உறைந்த பழத்தையும், பிரான்சின் சோட்டெர்ன் பகுதியில் பூஞ்சை படர்ந்து சுருங்கிய பழத்தையும் பிழிகிறார்கள். சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டில் அத்தகைய உறைகுளிர் இல்லை. மூடுபனியில் வரும் பூஞ்சையை நம்பினால் பழம் அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம். எனவே, பறித்த பின் உலர்த்தும் இத்தாலிய முறையே நமக்குப் பொருந்தும்.

பன்னீர் திராட்சையை டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து, ஏப்ரல், மே மாதங்களில் பறிக்கும் கோடைப் போகத்தையே இதற்கு ஒதுக்குங்கள். சரிவில் மண் அரிக்காதிருக்கக் கொடிகளுக்கிடையே தட்டைப்பயறு அல்லது சணப்பை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழலாம். அடிச்சாம்பல் நோய்க்கு 1 சதவீத போர்டோ கலவை போதும். இயற்கை வேளாண்மைக்கு உகந்தது என்று அளவின்றி அடித்தால், அதிலுள்ள செம்பு மண்ணில் தங்கி மண்புழுவை விரட்டுவதோடு, பழத்தில் ஒட்டி வந்து ஈஸ்ட்டையும் முடக்கும்.

வெடித்த பழங்களை நீக்கிய குலைகளை மூங்கில் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறி ஓடும் நிழலறையில் நாள்தோறும் புரட்டி உலர்த்துங்கள். 20 பிரிக்ஸ் (சாற்றின் எடையில் சர்க்கரையின் சதவீத அளவு) இருந்த பழம் 32 பிரிக்ஸ் ஆகும்போது 100 கிலோ ஏறத்தாழ 62 கிலோவாகக் குறைந்திருக்கும். எடை குறைகிறதே என்று மனம் தளர்ந்து சர்க்கரையைக் கொட்டி இனிப்பேற்றினால், பழச்சுவை செறிவதில்லை. அது வெறும் பாகுதான்.

மெதுவாகப் பிழிந்த சாற்றின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 350 கிராம் சர்க்கரை இருக்கும். ஒவ்வொரு சதவீத ஆல்கஹாலுக்கும் சுமார் 17 கிராம் செலவாவதால், 13 சதவீதத்தில் நொதித்தலை நிறுத்தினால் ஏறத்தாழ 130 கிராம் இனிப்பு மிஞ்சும். நிறுத்துவதற்குத் தொட்டியை 5 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து, வண்டல் படிந்ததும் தெளிவை மட்டும் வடித்து, ஈஸ்ட்டை அடக்கும் பதப்படுத்தியான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை அளவறிந்து சேர்த்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் செலுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மலையின் குளிரில் அடங்கிக் கிடக்கும் ஈஸ்ட், புட்டி சேலத்து வெயிலுக்கு இறங்கியதும் மீண்டும் விழித்து, தக்கையைத் தள்ளும் அல்லது கண்ணாடியையே வெடிக்கச் செய்யும்.