ஜீப்புக்கு ஷாக், ஸ்பிரிங் மாற்றப் போகிறீர்களா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

பெங்களூரில் ஃபோர் பை ஃபோர் வைத்திருப்பவர் ஷாக் மாற்றணும் என்று வாயைத் திறந்தாலே போதும், "எத்தனை இன்ச் ஏத்தணும் சார்?" என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிடுவார்கள். கூட வருகிற நண்பர் கேட்பதும் அதுவேதான். பதிலும் தயாராக இருக்கும், ரெண்டு இன்ச். ஏன் ரெண்டு என்றால், பக்கத்து வீட்டு மஹிந்திரா தாரில் ரெண்டு இருக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. வண்டி எத்தனை கிலோ சுமக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தால் ஸ்பிரிங் முடிவாகும், ஸ்பிரிங் முடிவானால் ஷாக்கின் நீளம் முடிவாகும், உயரம் அதற்குள் தானாகவே வந்து நிற்கும்.

முதல் முறை மாற்றுகிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது, ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஷாக் மட்டும் மாற்றினால் வண்டி உயராது (கேஸ் அழுத்தத்தில் கொஞ்சம் ஏறலாம், அதை மறந்துவிடுங்கள்). காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தொங்கிக் கிடந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. ஹம்ப் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதித்தால், டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் தெரிந்தால், ஷாக் பாடி ஆயிலில் நனைந்து அதில் மண் அப்பியிருந்தால் ஷாக் போய்விட்டது. லேசாக எண்ணெய்ப் பசை தெரிவது வேறு, வழிவது வேறு. பசைக்கெல்லாம் பயந்து மாற்ற வேண்டாம்.

படி 1: வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மாருதி ஜிப்ஸி என்றால் நாலு பக்கமும் பட்டை (லீஃப்) ஸ்பிரிங். பழைய டீசல் தார் சி.ஆர்.டி.இ.யில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கித் தாங்கும் கம்பி), பின்னால் பட்டை. 2020-இல் வந்த தாரில் முன்னால் இண்டிபெண்டன்ட் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும்), பின்னால் ரிஜிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரமும் ஒரே அச்சில்), இரண்டிலும் காயில், அதாவது சுருள் ஸ்பிரிங். மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், காயில். கீழே சொல்லப்போகிற கணக்குகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஆனால் இண்டிபெண்டன்டில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அங்கே ஸ்பிரிங்கோடு 10 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் வில்லை) வைத்தாலும் சக்கரத்தில் அதைவிட அதிகமாக ஏறும். அதனால் "சின்ன ஸ்பேசர்தான் சார்" என்பதை நம்பி உடனே தலையாட்டாதீர்கள்.

ஜிம்னிக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கிட்டுகள் பலவும் ஜேபி74 என்கிற மூன்று கதவு ஜிம்னிக்காகச் செய்தவை. நம் ஊரில் விற்பது ஐந்து கதவு, வீல்பேஸ் 2250-க்குப் பதில் 2590 மி.மீ., எடையும் கூட. முன் ஸ்பிரிங் எப்படியோ ஒத்துப்போகலாம், பின் ஸ்பிரிங்கை வாங்கும் முன் ஐந்து கதவுக்கென்றே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தார் வைத்திருப்பவர்கள் ஹார்டு டாப்பா சாஃப்ட் டாப்பா, டீசலா பெட்ரோலா என்பதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, டீசல் இன்ஜினால் முன்பக்கத்தில் எடை கூடும்.

படி 2: எடை

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஓசூர் ரோடு, பீன்யா பக்கம் லாரிகளுக்கான எடை மேடை உண்டு, சில்லறைக் காசில் வேலை முடிந்துவிடும். லாரிகளுக்கு நடுவே ஜீப்பை ஏற்றினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரங்கள் மட்டும். மூன்று சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லாரி மேடை பத்து கிலோ முன்னே பின்னே காட்டும், நமக்கு அது போதும்.

முடிந்தால் இரண்டு நாள் போங்கள். வாரநாளில் ஆபீஸ் போகிற நிலையில் ஒரு தடவை, டேங்க் நிரப்பி குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு சக்லேஷ்பூர் கிளம்புகிற நிலையில் ஒரு தடவை. மேடைக்குப் போக முடியவில்லை என்றால் காகிதத்தில் கூட்டிப் பாருங்கள்: 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, 20 லிட்டர் டீசல் சுமார் 17 கிலோ, கூரை டென்ட் 50 முதல் 70 கிலோ, வின்ச் 25 முதல் 40. இரும்பு பம்பர், புல் பார் கணக்கை நான் இங்கே போடவில்லை. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றைத் தடுத்துவிட்டது, அவை ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும்.

கூட்டிய பிறகு வண்டியின் மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள். ஐந்து கதவு ஜிம்னி காலியாகச் சுமார் 1200 கிலோ, வரம்பு 1545. நாலு பெரியவர்கள் ஏறினாலே 280 கிலோ போச்சு, சாமானுக்கு மிச்சம் 65 கிலோ சொச்சம். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் இந்த வரம்பு உயரும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஸ்பிரிங் தாங்கும், ஆனால் ஆக்ஸில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையதுதானே.

படி 3: ஸ்பிரிங்

இங்கே கேட்க வேண்டியது, வண்டியில் எப்போதும் இருக்கிற எடை எவ்வளவு? வருஷத்தில் ஒருமுறை லடாக் போகும்போது ஏற்றுகிற எடையை வைத்து ஸ்பிரிங் வாங்கினால், மீதி நாளெல்லாம் சில்க் போர்டு டிராஃபிக்கில் இடுப்பு கழன்றுவிடும்.

ஒரு கணக்கு போட்டால் புரியும். பின் ஸ்பிரிங் ஒவ்வொன்றின் விறைப்பும் மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 100 கிலோ ஏற்றினால் பக்கத்துக்கு 50 கிலோ, அதாவது சுமார் 490 நியூட்டன். 490-ஐ 25-ஆல் வகுத்தால் வண்டி ஏறக்குறைய 20 மி.மீ. இறங்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: 200 கிலோ சுமைக்கென்று செய்த ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டுவிட்டுக் காலி வண்டி ஓட்டினால் பின்பக்கம் 40 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் தவிக்கும். ஆஃப்ரோடில் சக்கரம் தரையைத் தொட்டால்தானே பிடிப்பு.

கம்பி கொஞ்சம் தடிமன்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு கூடும். மற்ற அளவுகள் அப்படியே இருக்க, 12 மி.மீ. கம்பி 13 ஆனால் ஸ்பிரிங் 38 சதவீதம் கெட்டியாகிவிடும். கண்ணால் பார்த்து இது தெரியாது, அதனால் கடைக்காரரிடம் விறைப்பு எண்ணையோ, எத்தனை கிலோ சுமைக்கானது என்பதையோ கேளுங்கள். நல்ல கம்பெனிகள் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று சுமை அளவில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். "எல்லா வண்டிக்கும் இது ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பட்டை ஸ்பிரிங் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு பட்டை சேர்ப்பது மலிவான வழி, ஆனால் பழைய மெயின் பட்டையே களைத்திருந்தால் அந்தச் செலவு வீண். புது செட் போடும்போது பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கிற யு போல்ட்டும் புதிதாகப் போடுங்கள், பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும்.

படி 4: ஷாக்கின் நீளம்

ஷாக் வாங்குவதில் பிராண்டைவிட இது முக்கியம். டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை அளந்து எழுதுங்கள். அப்புறம் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (சக்கரம் மேலே ஏறும்போது கடைசியில் தடுத்து நிறுத்துவது) அது போய் முட்டுகிற இடத்துக்கும் உள்ள இடைவெளி. உதாரணமாக ஷாக் 480 மி.மீ., இடைவெளி 70. முழு வேகத்தில் முட்டும்போது ரப்பர் இன்னும் ஒரு 30 அமுங்கும் என்று வைத்தால் 480-இல் 100 போக 380. புது ஷாக் முழுசாக அமுங்கிய நிலையில் 370-க்குள் இருக்க வேண்டும். 395 உள்ளதை மாட்டினால் பம்ப் ஸ்டாப் வேலை செய்யும் முன்பே ஷாக் அடிவரை போய் முட்டும், வண்டியின் முழு அடியும் ஷாக்கிலும் அது மாட்டியிருக்கிற பிராக்கெட்டிலும் இறங்கும். பிராக்கெட் வெல்டிங் விட்டுப்போன வண்டிகளில் பெரும்பாலும் கதை இதுதான்.

அடுத்தது எதிர்ப்பக்கம். சேஸிஸில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. இப்போது பிரேக் ஹோஸ் எவ்வளவு தளர்வாக இருக்கிறது, ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா, காயில் தன் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டே பாருங்கள். பல வண்டிகளில் ஆக்ஸில் இன்னும் கீழே போகாமல் நிறுத்துவது ஷாக்தான். ரொம்ப நீளமான ஷாக் போட்டால் அந்த வேலையைப் பிரேக் ஹோஸ் செய்ய வேண்டிவரும், அது வேண்டாம்.

40 மி.மீ. உயரமான ஸ்பிரிங்கோடு பழைய நீள ஷாக்கை விட்டால் ஷாக் ஏற்கெனவே 40 மி.மீ. நீண்ட நிலையில் நிற்கும், கீழே போக இடம் குறைவு, ஒவ்வொரு ஹம்ப்பிலும் இறங்கும்போது டக்கென்று சத்தம் கேட்கும். சரி, நீள ஷாக் போடுவோம் என்றால் அதன் அமுங்கிய நீளமும் கூடும், அப்போது பம்ப் ஸ்டாப்பையும் இறக்க வேண்டும். அதோடு, கெட்டியான ஸ்பிரிங் திரும்பி வரும் வேகத்தை அடக்க ஷாக்கின் ரீபவுண்டும் (நீளும்போது காட்டும் எதிர்ப்பு) அதற்கேற்பக் கூட வேண்டும். அதனால்தான் ஸ்பிரிங் ஒரு இடம், ஷாக் ஒரு இடம் என்று பொறுக்காமல் ஒரே கம்பெனி செட்டாக வாங்கச் சொல்கிறேன், ஆரம்பக்காரர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

படி 5: எந்த வகை ஷாக்

ட்வின் ட்யூபில் இரண்டு குழாய், வெளிக் குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் பிஸ்டன் உள்ளே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். மோனோ ட்யூபில் ஒரே குழாய், பிஸ்டன் பெரிசு, ஆயிலும் கேஸும் பிரிந்தே இருப்பதால் நுரைக்காது, சூடும் நேராகக் காற்றுக்குப் போகும். ஆனால் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். தனி ரிசர்வாயர் வைத்தது ஆயில் அளவைக் கூட்டி சூட்டை இன்னும் தள்ளிப்போடும். ஷாக் செய்வதே ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான், அலை அலையாக வரி விழுந்த மண்ரோட்டில் மணிக்கணக்கில் வேகமாகப் போனால் ஆயில் சூடேறி இளகி, ஷாக் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

வாரம் முழுக்க சிட்டி, சனி ஞாயிறு மெதுவாகச் சேறு, பாறை என்றால் நல்ல கேஸ் ட்வின் ட்யூப் தாராளமாகப் போதும். ரிசர்வாயர் ஷாக் பார்க்க அம்சமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்ச் ரண், ஸ்பிதி மாதிரி நீண்ட தூரம் வேகமாக ஓட்டாதவருக்கு அது போட்டோவுக்கான செலவு. ஷாக்கின் இறுக்கத்தைத் திருகி மாற்றும் நாப் உள்ளதும் அப்படியே, முதல் வாரம் திருகுவார்கள், அதற்குப் பிறகு அது எந்த நம்பரில் இருக்கிறது என்பதே மறந்துவிடும்.

படி 6: உயர்த்தினால் கூடவே வருபவை

ரிஜிட் ஆக்ஸில் வண்டியை உயர்த்தினால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, ஹைவேயில் வண்டி அலையும். ஆக்ஸிலை நடுவில் பிடித்து வைக்கிற பன்ஹார்ட் ராடு அதைப் பக்கவாட்டில் இழுக்கும். ஜிம்னியில் ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு இதெல்லாம் வழி செய்யும். காஸ்டரைச் சரிசெய்யும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராடு என்று செலவு நீளும். இண்டிபெண்டன்ட் வண்டியில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டிலுள்ள சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதன் ரப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும். இதற்கெல்லாம் பட்ஜெட் இல்லையென்றால் பழைய உயரத்திலேயே நல்ல செட் போடுங்கள், களைத்த ஸ்பிரிங் போய்ப் புதுசு வந்தாலே வண்டி கொஞ்சம் நிமிரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்தது. பழைய அளவில் மாற்றுவது பராமரிப்பு, உயர்த்துவது வேறு விஷயம். வாரண்டியும் இன்சூரன்ஸும் அதையொட்டிப் பேசும், இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: மாட்டும் நாள்

ஜே.சி. ரோட்டிலோ வேறெங்கோ வாங்கும்போது பாக்ஸில் உள்ள பார்ட் நம்பரையும் ஷாக் பாடியில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில செட்டுகளில் இடது வலது ஸ்பிரிங் வேறு வேறு, ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள். ஷாக் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன்பக்கம் காயிலோடு சேர்ந்த ஷாக்கை வீட்டில் பிரிக்காதீர்கள், கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பறந்துவந்து ஆளையே அடித்துவிடும்.

கூடவே நின்று ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். லிஃப்டில் தொங்கும்போதே மெக்கானிக் ரப்பர் புஷ் போல்ட்டுகளை முறுக்கி முடித்துவிடுவார், அவருக்கு அதுதான் வசதி. அப்படி முறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் திருகிக்கொண்ட நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழியும். "அண்ணா, கையால மட்டும் டைட் பண்ணுங்க, இறக்கினப்புறம் கடைசி முறுக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதற்கப்புறம் வீல் அலைன்மெண்ட், காஸ்டர் எண்ணோடு கூடிய பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். இஎஸ்பி (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் வசதி) உள்ள வண்டியில் ஸ்டீயரிங் நேராக்கிய பிறகு அதன் சென்சாரையும் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ஹெட்லைட்டை இறக்கி வையுங்கள், இல்லையென்றால் எதிரே வருகிறவர் திட்டிக்கொண்டே போவார். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும், முக்கியமாக யு போல்ட்டை, டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புது ஸ்பிரிங் அதற்குள் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும், நாலு சக்கர வளைவிலும் தரையிலிருந்து உள்ள உயரத்தை அளந்து அந்த எடை மேடைச் சீட்டின் பின்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள்.